என் பாவத்தை என் தங்கை எழுதினாள்

நாவலில் நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நானூற்றுச் சொச்சம் பக்கங்கள்; அதில் எனக்குக் கிடைத்தது மூன்றே இடம். முதல் இடத்தில் தலை வாரிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதில் பெயிண்ட் டப்பா. மூன்றாவதில், அப்பாவை அடக்கம் செய்யும்போது, அக்கா ஓரமாக நின்று அழுகிறாள். அந்த ஒரு வரியோடு என் கதையை முடித்துவிட்டாள் என் தங்கை.

அவள் எழுத்தாளர். சென்னையில் இருக்கிறாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். முன்பு இரண்டு நாவல் எழுதினாள், ஊர் கண்டுகொள்ளவில்லை, எனக்கும் நிம்மதியாக இருந்தது. மூன்றாவதாக எங்கள் குடும்பத்தை எழுதினாள். தாத்தா, அப்பா, நாங்கள் இருவர் என்று மூன்று தலைமுறை, மதுரை, பள்ளிக்கூடம், கோயில், கல்லறைத் தோட்டம். அது பிய்த்துக்கொண்டு போகிறது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து ஆசிரியைகள்கூட வாங்கி வைத்திருக்கிறார்கள். முப்பத்து நாலு வருடம் அவர்களோடு உட்கார்ந்து தமிழ் நடத்திய என்னிடம், "உங்க தங்கச்சி எப்ப வருவாங்க, ஒரு கையெழுத்து வேணும்" என்று கேட்கிறார்கள்.

எனக்கு அவள்மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் புத்தகம் விற்பதால் வந்த பொறாமை கொஞ்சம்தான். என் பெட்டியில் ஒரு குயர் நோட்டு இருக்கிறது. அதில் இதே குடும்பத்தை நான் எழுதத் தொடங்கி நாற்பது பக்கம் வந்திருந்தேன். கல்லறைத் தோட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது, ஏனென்றால் அதற்குமேல் எழுத வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று நோட்டை மூடிவைத்தேன். அவளுக்கு அந்தத் தயக்கம் எதுவும் இல்லை. நான் மூடிய இடத்தில் அவள் திறந்துகொண்டு போய்விட்டாள்.

வரலாற்றையே மாற்றினாள், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நாவலில் தாத்தா கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து பஞ்ச காலத்தில் வெறுங்காலோடு மதுரைக்கு நடந்து வருகிறார். நிஜத்தில் அவர் ஓர் எட்டுகூட நடக்கவில்லை. கடலை மூட்டை ஏற்றிய லாரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் கடலை தின்றுகொண்டு வந்து இறங்கினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை அவருக்காகக் காத்திருந்தது. நாவல் வந்த புதிதில் போனில் இதைக் கேட்டேன்.

"வரலாறு நடந்துதான்க்கா வரும், லாரியில வராது" என்றாள்.

வாய் மட்டும் நீளம். 

ஆனால் அந்தக் கல்லறை அத்தியாயம் வேறு விஷயம். அது என்னுடையது. எல்லோரும் கொண்டாடுவதும் அதைத்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கத்தோலிக்க ஆட்கள் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைகளைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரிப்பார். வசதி உள்ளவர்கள் கல்லில் பெயர் வெட்டியிருப்பார்கள். எங்கள் தாத்தாவுக்கு வெறும் செங்கல் கட்டடம், தலைமாட்டில் ஒரு சிலுவை. அதில் கறுப்புப் பெயிண்டால் பெயர் எழுதுவோம். ஒவ்வொரு வருடமும் சுண்ணாம்பு அடிக்கும்போது பெயர் மறைந்துபோகும். காய்ந்ததும் திரும்ப எழுத வேண்டும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் ஒன்பது வயதிலிருந்து அந்த வேலை எனக்கு. அதில் எனக்கு அவ்வளவு பெருமை. தங்கையை பிரஷைத் தொடக்கூட விடமாட்டேன்.

எனக்குப் பதினோரு வயதான வருடம் அப்பா சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைத்துவிட்டார். எங்கள் வரிசையில் எல்லாமே அதே மாதிரி செங்கலும் சிலுவையும்தான்; தாத்தாவுடையதைத் தவிர வேறு எதிலும் பெயர் கிடையாது. யாரும் வந்து பார்க்காத கல்லறைகள்.

"மிச்சத்தை வீட்டுக்கா தூக்கிட்டுப் போகப்போறோம்? இவுகளுக்கும் நம்மதேன் சொந்தக்காரவுகன்னு நெனச்சுக்க" என்று சொல்லி அப்பா அந்த வரிசை முழுக்க அடித்துவிட்டார். எனக்கு அது அன்றைக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு அவர் பூ வாங்கப் போனார். அம்மாவும் தங்கையும் வீட்டில் பலகாரம் செய்துகொண்டிருந்தார்கள். நான் குழாயடியில் கைகால் கழுவிவிட்டு, பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாகத் திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை. தாத்தா குழாயிலிருந்து நாலாவது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எண்ணினேன். குழாயை ஒட்டி ஒரு கைக்குழந்தையின் கல்லறை, முழ நீளம்தான் இருக்கும். அதையும் சேர்த்து எண்ணுவதா, வேண்டாமா? சின்னதாக இருந்தாலும் அதுவும் ஒரு ஆள்தானே என்று சேர்த்து எண்ணினேன். நாலாவதில் தாத்தாவின் பெயரை, பிறந்தது இறந்தது எல்லாம் போட்டு, அழகாக எழுதினேன்.

அப்பா பூவோடு வந்து பார்த்து, "எம்புட்டு அழகா எழுதியிருக்கா என் மகள்" என்றார். பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தாத்தா என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சாயங்காலம் எல்லோரும் அதைச் சுற்றி முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னோம்.

மறு வருடம் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கல்லறையில், அதாவது குழந்தையை விட்டுவிட்டு எண்ணினால் நாலாவதாக வருவதில், மழைக்குச் சுண்ணாம்பு செதில் செதிலாக உரிந்திருந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக எழுத்து தெரிந்தது. என் எழுத்து. பத்து வயதில் நான் எழுதியது. தாத்தாவின் பெயரில் பாதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் கோபக்காரர் இல்லை. எனக்கு அடி பயம் இல்லை, பெருமை போய்விடுமே என்றுதான் பயம். இனிமேல் பிரஷ் தங்கை கைக்குப் போய்விடும். சுண்ணாம்பு வாளியில் கையை விட்டு அள்ளி, அந்தப் பெயரின்மேல் நானே பூசினேன். பூசிய விரல்கள் இரண்டு நாள் எரிந்தன. எண்ணிக்கை தப்பியது தவறு. பூசி மறைத்தது பாவம். இரண்டுக்கும் வித்தியாசம் அன்றைக்கே எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கையிடம் மட்டும் சொன்னேன். ஒன்பது வயது அவளுக்கு. அவித்த பட்டாணி தின்றுகொண்டிருந்தாள்.

"தாத்தாவுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். சொல்லவில்லை. எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கத் தோன்றவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் யாருக்கும் தெரியாமல் ஒரு மெழுகுவத்தியை அந்தப் பக்கத்துக் கல்லறையில் ஏற்றிவைப்பேன். அம்மா பார்த்துவிட்டால், "ஆளில்லாக் கல்லறைம்மா, பாவம்" என்பேன். அம்மா என் இரக்க குணத்தை அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்படுவாள். அதைக் கேட்க நெஞ்சு கூசும், ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை, குடும்பக் கல்லறையைத் திறந்து அதிலேயே வைப்பதுதான் வழக்கம். குழி வெட்டுகிறவர் பெயரைப் பார்த்தார், கடப்பாரையைப் போட்டார். அப்பாவை அவருடைய அப்பாவோடு சேர்த்து அடக்கம் செய்கிறோம் என்று அம்மா ஆறுதலாக நின்றாள். எனக்கு அப்போது நாற்பது வயது. கல்யாணமாகாமல் அம்மாவோடு இருப்பவள், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் புத்தி சொல்கிறவள். "நிறுத்துங்க, அது இல்ல" என்று மூன்று சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரோ ஒருவருடைய எலும்பின்மேல் என் அப்பாவை இறக்கினார்கள்.

நாவலில் அந்த இடத்தில் குழிக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி வளையல் துண்டு மின்னுகிறது. அதைப் பார்த்து, எட்டு வயதில் பெயரை மாற்றி எழுதிய தங்கை, இப்போது வளர்ந்த பெண், குழிக்குள் குதித்து, "இது தாத்தா இல்லை, நான்தான் மாற்றி எழுதினேன்" என்று கத்துகிறாள். அம்மா அவளை ஓங்கி அறைகிறாள், பிறகு கட்டிக்கொண்டு அழுகிறாள். படிக்கிறவர்கள் எல்லோரும் அங்கே அழுகிறார்களாம். நிஜத்தில் வளையல் ஒன்றும் கிடையாது. மண்தான் இருந்தது.

முதல் தடவை அதைப் படித்தபோது புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். பிறகு போய் எடுத்து இன்னொரு தடவை படித்தேன். அந்த வளையல் எனக்குத் தோன்றாமல் போனதே என்று வயிறு எரிந்தது. அதைவிட, அந்தப் பெண் குதித்தாளே, அதுதான் தாங்க முடியவில்லை. காகிதத்தில் இருக்கிற ஒருத்திமேல் நான் இவ்வளவு பொறாமைப்படுவேன் என்று நினைத்ததில்லை. நான் செய்த பாவத்தைச் செய்துவிட்டு, நான் செய்யாததையும் அவள் செய்துவிட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பொறாமை என்று சொன்னேன். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது என்று எடுத்துச் சொன்னார். அது என் பொருள் சாமி என்று சொல்ல வந்து, வரிசையில் பின்னால் ஆள் நிற்பதால் எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருடம் ஆவணியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். எண்பத்து நாலு வயது. கொஞ்ச நாளைக்கு எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், "சின்னவ புஸ்தகத்தை நீ வாசி, நான் கேக்குறேன்" என்றாள். கோரிப்பாளையம் சிக்னலிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு, ஹாரன் சத்தம் ஓயாது. கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் மத்தியானம் வாசித்தேன். தாத்தா நடந்து வரும் இடத்தில், "இது யாரு, எங்க மாமனாரா? அவரு தெருமுனைக்கே ரிக்‌ஷா கேப்பாரே" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

கல்லறை அத்தியாயத்தைத் தாண்டிவிட்டு அடுத்ததை வாசித்தேன். ஒருவாரம் கழித்து, கோயிலில் பழக்கமான இரண்டு பெண்கள் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். கல்லறையில் பெயர் எழுதும் அந்தப் பிள்ளையை நினைத்து அழுததாகச் சொன்னார்கள். அவர்கள் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அது எங்க இருக்கு? நீ அதை வாசிக்கவே இல்லையே."

வாசித்தேன். வகுப்பில் பாடம் வாசிப்பதுபோலக் குரலை வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல். அறைகிற இடம் வந்ததும், "நான் எப்ப அறைஞ்சேன்?" என்றாள். 

"மிச்சம் நெசமா?" என்று கேட்டாள்.

இதோ என் நேரம் வந்துவிட்டது. "ஆமாம்மா, நெசந்தான், ஆனா அது அவ இல்ல, நான்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எழுதுனவளைக் கேளுங்க" என்றேன். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவள் வாயாலேயே, அது அக்காம்மா என்று வரட்டும். கஷ்டமான வேலையை அவள் செய்யட்டும்.

"ஏ சின்னவளே, அந்தக் கல்லறையில பேரெழுதுற புள்ள, அது நெசமாவே நடந்ததா?"

 "ஆமாம்மா" என்றாள்.

"யாரு, நீயா?"

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை. "ஆமாம்மா. நான்தான்."

அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஆபரேஷன் செய்த கண்ணாயிற்றே என்று நான் சுத்தமான துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் என் கையை விலக்கிவிட்டு போனை முகத்தருகே பிடித்தாள்.

"எட்டு வயசுப் புள்ளைக்கு என்னத்தா தெரியும். இம்புட்டு வருசமா மனசுல வச்சுக்கிட்டு எப்படித் தவிச்சியோ. விடுத்தா. ஒங்கப்பா இருந்தா சிரிச்சிருப்பாரு. விடுத்தா."

கையில் துணியோடு நின்றேன். நாற்பத்தேழு வருடமாக நான் கேட்க ஏங்கிய சொல் அது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், தவறு செய்யாதவள் காதில் போய் விழுந்தது. பாவத்தை எடுத்துக்கொண்டாள், போகட்டும். மன்னிப்பையும் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அம்மா அதோடு விடவில்லை. "மாமனாருக்கு ஒரு மெழுகுவத்திகூட இல்லாம இத்தன வருசம் போயிருச்சே" என்று புலம்பினாள். முட்டிவலியால் இரண்டு வருடமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வராதவள், இந்தத் தடவை வந்தே தீருவேன் என்றாள். சின்னவள் நேரில் வந்து, எது சரியான கல்லறை என்று தன் கையால் காட்ட வேண்டும். சாவதற்கு முன்னால் மாமனாருக்கு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். இதுதான் அவள் கேட்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி வந்தது. ஏனென்றால் என் தங்கைக்கு எது என்று தெரியாது. நான் பஸ்ஸில் கதையைத்தான் சொன்னேன், கல்லறையைக் காட்டவில்லை. பிறகும் அவள் கேட்டதில்லை. நாவலில் வலது இடது எதுவும் போடாமல் சாமர்த்தியமாக எழுதியிருந்தாள்.

கல்லறைத் திருநாளன்று காலை விமானத்தில் வந்தாள். அழைத்துவர நான் போனேன். வாசலில் ஒரு கணவன் மனைவி அவளை அடையாளம் கண்டுகொண்டு, புத்தகத்தைப் பற்றிப் பேசி, கடைசியில் போனை என்னிடம் நீட்டி, "ஒரு போட்டோ எடுங்கம்மா" என்றார்கள். தங்கையின் தலை பாதி வெட்டுப்படும்படி எடுத்துக்கொடுத்தேன். வேண்டுமென்றுதான்.

ஆட்டோ அவனியாபுரத்தைத் தாண்டியது. பிறகு கேட்டேன்.

"அம்மாகிட்ட ஏன் நீதேன்னு சொன்ன?"

"நீ பக்கத்துலதானே இருந்த? நீ வாயைத் திறப்பேன்னு பாத்தேன். திறக்கல. அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க, நான் என்ன பண்ண?"

"புத்தகத்துலயும் அதனாலதேன் எழுதுனியா?"

"உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னுதான் என்மேல போட்டு எழுதினேன்" என்றாள். கொஞ்சநேரம் வெளியே பார்த்தாள். "அது மட்டும் இல்லக்கா. எனக்கு அப்படி ஒண்ணு நடந்ததே இல்ல. எல்லாம் உனக்குத்தான் நடந்துச்சு. பிரஷைக்கூட நீ என்கிட்ட தந்ததில்ல."

 டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனோம். காலையிலேயே ஆள் வைத்து வரிசை முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தேன். அப்பா தொடங்கிய வழக்கம், நான் விடவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை, அன்றைக்கு இருந்ததுபோலவே. தாத்தா பெயரும் அப்பா பெயரும் எழுதும் கல்லறையும் மொட்டையாக இருந்தது. ஆனால் எனக்கு இப்போது தடுமாற்றம் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்த் தொடுவேன்.

அம்மா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தாள். "இது ஒங்கப்பா. தெரியும். நானும் அங்கதேன். கூட இருக்கிறது யாரா இருந்தா என்ன, இத்தன வருசம் நம்ம ஜெபம் கேட்டவுக" என்றாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். "தாத்தா எதுத்தா? காட்டு."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சாமந்திச் சரத்தின் சிக்கலை எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கூட்டங்களில் அருவி மாதிரிப் பேசுகிறவளுக்கு வியர்த்துவிட்டது. எனக்கு அது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவள் இடது பக்கக் கல்லறையைக் காட்டினாள். தப்பு.

அம்மா சேரிலிருந்து எழுந்தாள். வலிக்கும் முட்டியோடு அந்தக் கல்லறை முன்னால் போய், அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல முழங்கால் போட்டாள். "மாமா, மன்னிச்சிருங்க" என்றாள். தீக்குச்சியைக் கிழித்தாள். எண்பத்து நாலு வயதில் இன்னொரு தடவை என் அம்மா தவறான கல்லறையில் முழங்கால் போடுகிறாள். பதினோரு வயதில் எழுதினேன், பன்னிரண்டு வயதில் பூசினேன், நாற்பது வயதில் வாயை மூடிக்கொண்டேன். ஐம்பத்தொன்பதிலும் பூச்சரத்தைப் பிரித்துக்கொண்டு நிற்கிறேன். இனித்தது எல்லாம் ஒரு நொடியில் கசந்துபோனது.

"அம்மா, அது இல்ல. இந்தப் பக்கம். வலது பக்கம்" என்றேன்.

அம்மா திரும்பினாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாம்மா மாத்தி எழுதினேன். அவ இல்ல. பதினோரு வயசுல. மறு வருசம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சும் சுண்ணாம்பைப் பூசி மறைச்சேன். அப்பாவை வைக்கும்போதும் சொல்லல. நான்தாம்மா."

சொல்லிவிட்டேன். குழிக்குள் குதிக்கவில்லை, கத்தவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன். அவ்வளவுதான். அந்த 'விடுத்தா' என்ற சொல் வருவதற்காகக் காத்திருந்தேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்த கண் தெளிவாக இருந்தது. பிறகு சிரித்தாள்.

"பாரு, இப்பவும் தங்கச்சி பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறா" என்றாள். "சின்னப் புள்ளையில இருந்தே இவ இப்படித்தேன். அவ தட்டை ஒடச்சா இவ ஏத்துக்குவா."

"இல்லம்மா, நெசமா நான்தான். வருசா வருசம் இந்தக் கல்லறையில மெழுகுவத்தி ஏத்துவேனே, பாத்திருக்கீங்கல்ல? அது எதுக்கு?"

"அவ ஒங்கிட்ட அப்பவே சொல்லியிருப்பா. அவளுக்காக நீ ஏத்தியிருக்க." அம்மாவுக்கு எல்லாம் இப்போதுதான் சரியாகப் பொருந்தியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த மனசு யாருக்கு வரும்?"

"அம்மா, அக்கா சொல்றது உண்மைம்மா" என்றாள் தங்கை. "நான் கதைக்காக மாத்தினேன். செஞ்சது அக்காதான்."

"நீ சும்மா இரு" என்று அம்மா அவளை அதட்டினாள். "புஸ்தகத்துலேயே போட்டாச்சு. ஊரே படிச்சிருச்சு. இப்ப வந்து மாத்திப் பேசாத."

அம்மாவைத் தூக்கி வலது பக்கக் கல்லறை முன்னால் கொண்டுபோய் விட்டோம். மெழுகுவத்தி ஏற்றினாள். ஜெபித்தாள். தன் மாமனாரிடம் என்ன பேசினாளோ, வெகுநேரம் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிறகு பையிலிருந்து பிரஷை எடுத்துத் தங்கையைத் தாண்டி என்னிடம் நீட்டினாள்.

"நீ எழுது பெரியவளே. நீதேன் தப்பில்லாம எழுதுவ. அவளை நம்ப முடியாது."

தங்கையின் முகத்தைப் பார்த்தேன். நாவலும் கையெழுத்தும் போட்டோவும் எல்லாம் இருந்தும், அந்தப் பிரஷையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், இத்தனை நாளாகக் கண்ணாடியில் பார்ப்பதுதான். என் தங்கைக்கு என்மேல் பொறாமை.

முழங்கால் போட்டு, தாத்தாவின் பெயரில் முதல் எழுத்தை எழுதினேன்.  தங்கை பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தாள். அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, இதை நான் எழுதிக்கட்டுமா?"

"டப்பாவை நேராப் பிடி" என்றேன்.